இன் என்றால் இல்லையா?

('ஆங்கிலம் படிப்பதில் நம்மைப் பெரிதும் தடுமாற வைப்பது உச்சரிப்பே! பொருளே!' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிப் பட்டிமன்றத்தில், 'பொருளே' என்ற அணியில் பேசிய ஆசிரியையின் உரை)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வி கேட்டார். "ஃபேமஸ்னு சொல்றோம். முன்னால ஒரு 'இன்' சேர்த்தா இன்ஃபேமஸ்னுதானே வரணும்? இன்ஃபமஸ்னு வருதே! பேசாம இருந்த ஃபேயை ஃப ஆக்கினது யாரு? இந்த அநியாயத்தை யார்கிட்ட போய்ச் சொல்றது?" என்றார். அருமையான கேள்வி. நானும் கை தட்டினேன்.

ஆனால், நடுவர் அவர்களே, ஒரு கல்யாண வீட்டில் பெரிய மனிதர் ஒருவரை மேடைக்கு அழைக்கிறோம். "இவர் இந்த வட்டாரத்திலேயே ரொம்ப இன்ஃபமஸ் மனிதர்" என்று லண்டனில் பிறந்தவர் மாதிரி திருத்தமாக உச்சரித்து அழைக்கிறோம். என்ன நடக்கும்? உச்சரிப்புக்கு நூறு மார்க். முதுகுக்கு நாலு அடி! (சிரிப்பு) ஏனென்றால் அந்தச் சொல்லுக்கு ரொம்பப் புகழ் பெற்றவர் என்றும் பொருள் இல்லை, புகழே இல்லாதவர் என்றும் பொருள் இல்லை. 'கெட்ட பேர் எடுத்தவர்' என்று பொருள். நாக்கு சரியாகத்தான் புரண்டது, பொருள்தான் காலை வாரிவிட்டது.

ஐ, என் என்று இரண்டே எழுத்து. அந்த 'இன்' என்கிற முன்னொட்டை மட்டும் வைத்துக்கொண்டு, தடுமாற வைப்பது எது என்று காட்டிவிட்டு உட்காருகிறேன்.

நம் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன சொல்லித் தருகிறோம்? 'இன்' வந்தால் இல்லை. கரெக்ட் என்றால் சரி, இன்கரெக்ட் என்றால் சரியில்லை. விசிபிள் என்றால் கண்ணுக்குத் தெரிவது, இன்விசிபிள் என்றால் தெரியாதது. பிள்ளையும் தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக்கொள்கிறது.

அந்தப் பிள்ளை நெடுஞ்சாலைக்கு வருகிறது. முன்னால் ஒரு பெட்ரோல் லாரி. பின்பக்கம் கொட்டை எழுத்தில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கிறது. பிள்ளை யோசிக்கிறது. ஃப்ளேம் என்றால் தீச்சுடர். 'இன்' வந்தால் இல்லை. அப்படியானால் இன்ஃப்ளேமபிள் என்றால்? தீயே பிடிக்காதது! ஹைலி வேறு போட்டிருக்கிறான், சுத்தமாகப் பிடிக்கவே பிடிக்காதாம்! ஐயா, இந்தக் கணக்கை நம்பி ஒருத்தர் அந்த லாரி நிழலில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்தால் என்ன ஆகும்?

அந்தச் சொல்லுக்குப் பொருள் 'சுலபமாகத் தீப்பிடிக்கக்கூடியது'. 'இன்' இருக்கிறது. ஆனால் 'இல்லை' இல்லை!

நடுவர்: ஏம்மா, இது நம்ம ஊர்ல இங்கிலீஷ் சரியா படிக்காததால வர்ற குழப்பம்தானே?

அதுதான் இல்லை, நடுவர் அவர்களே. ஆங்கிலத்தைத் தாய்ப்பாலோடு குடித்தவர்களுக்கே இந்தப் பயம் வந்தது. 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம், அந்த 'இன்'னை வெட்டிவிட்டு வெறும் ஃப்ளேமபிள் என்றே எழுதுங்கள் என்று வற்புறுத்தியது. இன்றைக்கு இரண்டு சொல்லும் இருக்கின்றன. 'இன்' போட்டாலும் தீப்பிடிக்கும், போடாவிட்டாலும் தீப்பிடிக்கும். தீப்பிடிக்காது என்று சொல்ல 'நான்ஃப்ளேமபிள்' என்று தனியாக ஒரு சொல் வைத்துக்கொண்டார்கள். உச்சரிப்புக் குழப்பத்துக்காக எந்தத் தீயணைப்புக்காரராவது கவலைப்பட்டதுண்டா? கவலைப்பட்டது பொருளுக்காக! (கைதட்டல்)

ஏன் இப்படி? லத்தீனில் 'இன்' ஒன்று இல்லை, இரண்டு. ஒரே முகம், ஒரே சட்டை போட்ட இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. ஒருத்தனுக்கு வேலை 'இல்லை' என்று சொல்வது. இன்னொருத்தனுக்கு வேலை 'உள்ளே', 'மேலே' என்று சொல்வது. இன்ஃப்ளேமபிளில் இருப்பவன் இரண்டாவது ஆள். தீக்குள்ளே தள்ளுகிறவன்! டாக்டர் போடும் இன்ஜெக்‌ஷனில் இருப்பவனும் அவன்தான். உள்ளே செலுத்துவது. இன்ஹேல் என்றால் மூச்சை உள்ளே இழுப்பது. இதில் எல்லாம் 'இல்லை' எங்கே இருக்கிறது?

நம்ம தமிழிலும் இந்த வேடிக்கை உண்டு. நீதி, அநீதி. சுத்தம், அசுத்தம். வடமொழியிலிருந்து வந்த அந்த 'அ' வந்தால் இல்லை என்று பொருள். அதற்காக 'அமைதி' என்றால் மைதி இல்லாதது என்று சொல்வோமா? (சிரிப்பு) 'அனுபவம்' என்றால் பவம் இல்லாதது என்போமா? சொல்ல மாட்டோம். ஏன்? நமக்குப் பொருள் தெரியும். சொல்லைப் பார்த்ததும் எந்த 'அ' எங்கே நிற்கிறது என்று மனசு கண்டுபிடித்துவிடும். மொழியியல் படித்தவர்கள் இன்னொன்றும் சொல்வார்கள். வடமொழியின் அந்த 'அ'வும், லத்தீனின் 'இன்'னும், ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கான 'அன்'னும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஊர் மாறினதால் பேச்சு மாறிப்போச்சு, அவ்வளவுதான்.

அடுத்து எதிரணிச் சகோதரி வந்தார். "பாசிபிளுக்கு இன்பாசிபிள்னு வராம இம்பாசிபிள்னு வருது. லீகலுக்கு இல்லீகல். ரெகுலருக்கு இர்ரெகுலர். ஒரே 'இன்' இப்படி நாலு வேஷம் போட்டா நாங்க எப்படி உச்சரிக்கிறது?" என்று கண் கலங்கினார்.

அம்மா, கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். மரம், கள் இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள் பார்ப்போம். மரம்கள் என்றா சொல்வீர்கள்? மரங்கள்! அந்த 'ம்' எங்கே போனது? பின்னால் 'க' வருவதைப் பார்த்து 'ங்' ஆகிவிட்டது. காலம், தான் சேர்ந்தால் காலந்தான். இப்போது 'த'வைப் பார்த்து 'ந்' ஆகிவிட்டது. தமிழ் வாத்தியார் இதைப் புணர்ச்சி என்று நமக்குச் சின்ன வயசிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார். அங்கேயும் அதே கதைதான். பாசிபிளின் 'ப' உதட்டில் பிறக்கிற எழுத்து. உதடு மூடப் போகிறது என்று தெரிந்ததும் 'ன்' தானும் உதட்டை மூடிக்கொண்டு 'ம்' ஆகிவிடுகிறது. லகரம் வந்தால் லகரமாகவும், ரகரம் வந்தால் ரகரமாகவும் மாறிக்கொள்கிறது. நாக்கு எந்த நாட்டில் இருந்தாலும் நாக்குதானே? அதற்குச் சோம்பல் ஒன்றுதான்!

நடுவர்: இல்லீகல்னு சொல்லும்போது எனக்கு 'இல்லை லீகல்'னே காதுல விழுதும்மா!

நல்ல ஞாபகக் குறிப்பு, நடுவர் அவர்களே! தற்செயலாக அமைந்ததுதான். ஆனால் நாளைக்கு ஒரு பிள்ளையாவது அதை மறக்காது. (கைதட்டல்)

சரி, முதல் நண்பரின் அநியாயக் கேள்விக்கு வருகிறேன். ஃபேமஸ் ஏன் இன்ஃபமஸ் ஆனது? ஃபைனைட் ஏன் இன்ஃபினிட் ஆனது? ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் ஏதாவது ஓர் அசையை அழுத்திச் சொல்வார்கள். அழுத்தம் விழுந்த அசை நிமிர்ந்து நிற்கும். மற்றவை கூனிக் குறுகிவிடும். அழுத்தம் முன்னால் இருக்கிற 'இன்'னுக்குப் போய்விட்டதால், 'ஃபே' குறுகி 'ஃப' ஆகிவிட்டது. நமக்கு இது புதுசா? குற்றியலுகரம் படித்தோமே! ஒரு மாத்திரை ஒலிக்க வேண்டிய உகரம், 'நாடு', 'பாக்கு' என்று சொல்லின் கடைசியில் வரும்போது அரை மாத்திரையாகக் குறுகிவிடவில்லையா? தொல்காப்பியர் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த சங்கதியை ஆங்கிலத்தில் பார்த்துப் பயப்படலாமா?

இன்னொன்று. உச்சரிப்பில் ஆங்கிலேயர்களுக்கே ஒரு முடிவு கிடையாது. 1791-ல் ஜான் வாக்கர் உச்சரிப்புக்கென்றே ஓர் அகராதி போட்டார். 1917-ல் டேனியல் ஜோன்ஸ் இன்னொன்று போட்டார். இன்றைய அகராதியைத் திறந்தால், பக்தியில்லாதவர் என்று பொருள்படும் சொல்லை 'இம்பியஸ்' என்றும் சொல்லலாம், 'இம்பையஸ்' என்றும் சொல்லலாம் என்று இரண்டையும் போட்டிருப்பார்கள். அதாவது, நாக்குக்கு இரண்டு வழி விட்டிருக்கிறார்கள். ஆனால், இன்ஃப்ளேமபிள் என்றால் தீப்பிடிக்கும் என்றும் வைத்துக்கொள்ளலாம், பிடிக்காது என்றும் வைத்துக்கொள்ளலாம் என்று எந்த அகராதியாவது போட முடியுமா? போட்டால் அந்த அகராதிக்கே முதலில் தீ வைக்க வேண்டும்! (சிரிப்பு)

இப்போது எதிரணித் தலைவர் எடுத்துப்போட்ட பிரம்மாஸ்திரத்துக்கு வருகிறேன். ஒரே எழுத்துக்கூட்டல். 'இன்'னை அழுத்தி 'இன்வலிட்' என்று சொன்னால் நோயாளி. நடுவில் அழுத்தி 'இன்வேலிட்' என்று சொன்னால் செல்லாதது. "உச்சரிப்பு மாறினால் ஆளே மாறிவிடுகிறார், பார்த்தீர்களா?" என்றார். ஐயா, நான் ஒப்புக்கொள்கிறேன். இது உங்கள் அணிக்கு வலுவான சாட்சிதான்.

ஆனால் அந்தச் சாட்சியைக் கொஞ்சம் குறுக்கு விசாரணை செய்வோம். இரண்டுக்கும் லத்தீன் மூலம் ஒன்றே. 'வலிமை இல்லாத' என்று அதற்குப் பொருள். மனுஷனுக்கு உடம்பில் வலிமை இல்லை என்றால் இன்வலிட். தாளுக்குச் சட்டத்தில் வலிமை இல்லை என்றால் இன்வேலிட். இந்தப் பொருளை ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டால், இரண்டும் ஒரே ஆணியில் மாட்டிக்கொள்ளும். அதுமட்டுமல்ல, உடல் குறை உள்ளவர்களை இன்வலிட் என்று சொல்வது இன்று மரியாதைக் குறைவு. மாற்றுத்திறனாளிகள் என்று கௌரவமாகச் சொல்கிறோம். அந்தச் சொல்லை ஏன் விட்டோம்? உச்சரிப்பு கடினம் என்றா? 'செல்லாதவர்' என்கிற வாடை அந்தப் பொருளில் அடிக்கிறது என்பதால் விட்டோம்.

எங்கள் தெருவில் ஒரு பாட்டி இருந்தார். உதவித்தொகைக்கு மனுப் போட்டிருந்தார். ஓர் அலுவலகத்திலிருந்து அந்த மனு திரும்பி வந்தது. மேலே சிவப்பு மையில் ஒரு முத்திரை. பேரனைக் கூப்பிட்டு, "என்னடா ராஜா போட்டிருக்கு?" என்று கேட்டார். பையன் இங்கிலீஷ் மீடியம். "இன்வேலிட், பாட்டி" என்று கணீரென்று படித்தான். அப்படி ஓர் உச்சரிப்பு! பாட்டிக்குப் பூரிப்பு தாங்கவில்லை. "அப்படின்னா என்னடா அர்த்தம்?" என்றார். "அது தெரியல பாட்டி. வேலிட்னா செல்லும்னு மிஸ் சொன்னாங்க. இன்னா உள்ளே. அப்ப, செல்லும்னு உள்ளே எடுத்துக்கிட்டாங்க போல" என்றான்.

பாட்டி அந்தத் தாளை மஞ்சள் தடவி, டிரங்குப் பெட்டியில் புடவைக்கு அடியில் பத்திரமாக வைத்தார். பணம் வரும் வரும் என்று காத்திருந்தார். மறுபடி மனுப் போட வேண்டிய கடைசித் தேதி போயே போய்விட்டது. மாதங்கள் கழித்து என்னிடம் அந்தத் தாளைக் காட்டி, "டீச்சரம்மா, இன்னும் பணம் வரலையே, என்னன்னு பாரும்மா" என்றார்.

நடுவர் அவர்களே, அந்தப் பையனின் உச்சரிப்பில் ஒரு புள்ளி குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த உச்சரிப்பு அந்தப் பாட்டிக்கு ஒரு வேளைக் கஞ்சி ஊற்றியதா? 'இன்வாலிடு' என்று கொச்சையாகப் படித்துவிட்டு, "பாட்டி, இது செல்லாதுன்னு திருப்பிட்டாங்க, வா, நாளைக்கே போய் வேற மனுக் கொடுப்போம்" என்று சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளையை நான் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியிருப்பேன்! (நீண்ட கைதட்டல்)

எதிரணியினர் பெர்னார்ட் ஷாவையும் துணைக்கு அழைத்தார்கள். 1913-ல் முதலில் மேடையேறிய 'பிக்மேலியன்' நாடகத்தில், பூ விற்கிற பெண்ணுக்கு ஒரு பேராசிரியர் உச்சரிப்புச் சொல்லிக் கொடுத்துச் சீமாட்டி ஆக்கிவிடுகிறாரே என்றார்கள். நாடகத்தை முழுக்கப் படித்தீர்களா, ஐயா? அந்தப் பெண்ணை முதன்முதலாகப் பெரிய மனிதர்கள் கூடியிருக்கும் வீட்டுக்கு அழைத்துப் போகிறார்கள். உச்சரிப்பு பிரமாதம். ஆனால் பேசுவது என்ன? அத்தை இன்ஃப்ளுயன்ஸாவில் செத்ததாகச் சொல்கிறார்கள், எனக்கென்னவோ யாரோ தீர்த்துக்கட்டிவிட்டார்கள் என்றுதான் சந்தேகம் என்கிற மாதிரிப் பேசுகிறாள்! கூடியிருந்தவர்கள் திகைத்துப் போகிறார்கள். உச்சரிப்பு மட்டும் போதாது என்பதற்கு ஷாவே எங்கள் அணியில் வந்து உட்கார்ந்துவிட்டார்! (சிரிப்பு)

அந்த இன்ஃப்ளுயன்ஸாவிலும் ஓர் 'இன்' இருக்கிறது, பாருங்கள். உள்ளே பாய்வது என்ற மூலத்திலிருந்து வந்த இத்தாலியச் சொல். நட்சத்திரங்களின் ஆதிக்கம் மனிதருக்குள் பாய்ந்து நோய் உண்டாக்குகிறது என்று அந்தக் காலத்தில் நம்பினார்கள். இன்ஃப்ளுயன்ஸ் என்றால் செல்வாக்கு. இரண்டும் ஒரு வீட்டுப் பிள்ளைகள். ஒன்று காய்ச்சல், இன்னொன்று சிபாரிசு. இரண்டும் ஆளை ஆட்டி வைக்கும்! (சிரிப்பு)

இப்படிப் பொருள் தெரிந்து படித்தால் ஆங்கிலம் எவ்வளவு சுவையாக இருக்கிறது! இன்ஃபன்ட் என்றால் குழந்தை. 'இன்னும் பேசாதது' என்பது மூலப்பொருள். இன்னொசன்ட் என்றால் அப்பாவி. 'தீங்கு செய்யாதவர்' என்பது மூலம். எனிமி என்றால் பகைவன். அதற்குள்ளும் நம்ம 'இன்' உருமாறி ஒளிந்திருக்கிறது. 'நண்பன் அல்லாதவன்'. இப்படிச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளை மறக்கும்?

உச்சரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கும் சாவி பொருளிடம்தான் இருக்கிறது. இன்சல்ட் என்கிற சொல், 'அவமானம்' என்று பெயர்ச்சொல்லாக வந்தால் முன்னால் அழுத்த வேண்டும். 'அவமானப்படுத்து' என்று வினைச்சொல்லாக வந்தால் பின்னால் அழுத்த வேண்டும். இன்கிரீஸ், இம்போர்ட் எல்லாம் அப்படித்தான். இன்சென்ஸ் என்று முன்னால் அழுத்தினால் சாமிக்கு ஏற்றும் ஊதுவத்தி, சாம்பிராணி. பின்னால் அழுத்தினால் கோபமூட்டு என்று பொருள். மூலம் இரண்டுக்கும் ஒன்றுதான், பற்ற வைப்பது. ஒன்று சாமி முன்னால் புகைகிறது, இன்னொன்று மனுஷன் மனசுக்குள் புகைகிறது! பொருள் தெரியாதவனுக்கு எங்கே அழுத்துவது என்று எப்படித் தெரியும்? ஆக, உச்சரிப்பு என்கிற வண்டியை இழுக்கிற மாடே பொருள்தான்.

வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கும் மாணவச் செல்வங்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். 'இன்'னில் தொடங்கும் சொல்லைக் கண்டால் முதலில் உடைத்துப் பாருங்கள். அப்புறம் அது நிற்கிற வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். பிறகும் சந்தேகமா? கூச்சப்படாமல் அகராதியைத் திறந்து பாருங்கள். பரீட்சைக்கும் ஒரு குறிப்பு. முடியாத என்பதற்கு அனேபிள், முடியாமைக்கு இனபிலிட்டி. சமமற்ற என்பதற்கு அன்ஈக்வல், சமமின்மைக்கு இன்ஈக்வாலிட்டி. நியாயமற்ற என்பதற்கு அன்ஜஸ்ட், அநியாயத்துக்கு இன்ஜஸ்டிஸ். பண்பைச் சொல்லும்போது 'அன்' வருகிறது, பெயராகும்போது 'இன்' வருகிறது. எல்லாச் சொல்லுக்கும் இது பொருந்தாது, ஆனால் இந்த மூன்றையும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ஒரு சொல்லைத் தப்பாக உச்சரித்தால் சிரிக்காதீர்கள். சிரித்தால் அது வாயை மூடிக்கொள்ளும். மூடிய வாயில் உச்சரிப்பும் வராது, பொருளும் வராது. "என்னமா படிக்கிறான்" என்று பூரிக்கும்போது, "என்ன அர்த்தம் கண்ணு?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அந்தப் பாட்டி கேட்ட அதே கேள்விதான். அதற்கு நம் பிள்ளைகளிடம் பதில் இருக்க வேண்டும்.

நாக்கு தடுமாறினால் சிரிப்பு வரும். பொருள் தடுமாறினால் நெருப்பு வரும்! எனவே, நம்மைப் பெரிதும் தடுமாற வைப்பது பொருளே, பொருளே என்று தீர்ப்புச் சொல்லும்படி நடுவர் அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக ஒன்று. வேல்யுபிள் என்றால் மதிப்புள்ளது. வேல்யூலெஸ் என்றால் மதிப்பே இல்லாதது. இன்வேல்யுபிள் என்றால் மதிப்பிடவே முடியாத அளவுக்கு உயர்ந்தது. இந்த மேடையில் நீங்கள் எனக்குக் கொடுத்த நேரம் இன்வேல்யுபிள். உச்சரிப்பு எப்படியோ, பொருள் தெரிந்துதான் சொல்கிறேன்.

(பலத்த கைதட்டல்)